காலையில் பழம் சாப்பிடலாமா?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத குழுக்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)



கடன், வட்டி, வங்கி இணைப்பு, தணிக்கை என்று பேசிப் பேசி அலுத்துப் போன நமக்கு இன்று ஒரு மாறுதல். இன்று சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். அதிலும் காலைச் சாப்பாடு. அதிலும் ஒரே ஒரு கேள்வி. சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலையில் பழம் சாப்பிடலாமா, கூடாதா?

இது நாங்களாகத் தேர்ந்தெடுத்த தலைப்பு இல்லை. தருவைகுளத்தில் கூட்டம் போட்டாலும், வேப்பலோடையில் போட்டாலும், தெரேஸ்புரத்தில் போட்டாலும், தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு யாராவது ஒருவர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு இதைத்தான் கேட்கிறார்கள். ஒரு அக்கா சொன்னார்: "சுகர்னு சொன்ன அன்னையில இருந்து ஒரு பழம் வாயில வைக்கல மேடம். ஆனா இறங்கவே மாட்டேங்கு." இன்னொரு ஊரில் இன்னொரு அக்கா: "காலைல வெறும் பழந்தான் திங்கேன். இட்லி, சோறு ஒண்ணும் கெடையாது. பிறவு ஏன் கூடுது?"

இருவருமே கட்டுப்பாடாக இருப்பவர்கள்தான். இருவருக்குமே பலன் இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அதன்படி நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். நோயின் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். இருபது பேர் உள்ள ஒரு குழுவில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கையைத் தூக்கச் சொல்லவில்லை, மனதுக்குள் எண்ணினால் போதும்.

பழத்தை விடு, மாவுச்சத்தைக் குறை

நம் பிள்ளைகள் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. அதில் வருகிற மருத்துவம்தான் இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிறது. 2010-களில் 'பேலியோ' என்ற உணவுமுறை தமிழ்நாட்டில் பரவியதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நியாண்டர் செல்வன் என்பவர் தமிழில் எழுதி, முகநூலில் குழு அமைத்து, ஆயிரக்கணக்கானவர்கள் பின்பற்றினார்கள். அரிசி, கோதுமை, சீனி, பெரும்பாலான பழங்கள் எல்லாம் விலக்கு. முட்டை, இறைச்சி, மீன், காய்கறி, கொட்டைப் பருப்பு இவைதான் சாப்பாடு. காலையில் 100 பாதாம் என்பது அப்போது ரொம்பப் பிரபலம்.

இதில் சர்க்கரை குறைந்தவர்கள் உண்டா? உண்டு. மறுக்க முடியாது. நாம் சாப்பிடும் சாப்பாட்டில் பாதிக்கு மேல், பலருக்கு முக்கால் பங்கு வரை, மாவுச்சத்தில் இருந்து வருகிறது. மாவுச்சத்து வயிற்றுக்குள் போனால் குளுக்கோஸ்தான். அதைக் குறைத்தால் ரத்தத்தில் குளுக்கோஸ் குறையத்தான் செய்யும், அதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. மேலே சொன்ன அதே சென்னை ஆராய்ச்சியாளர்கள் 2022-இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையிலும் இந்தியர்கள் மாவுச்சத்தை ஏறக்குறைய பாதி அளவுக்குக் குறைத்து, புரதத்தைக் கூட்ட வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் தினம் 100 பாதாம் வாங்க நம்மில் யாரால் முடியும்? அது ஒருபக்கம் இருக்கட்டும். நம் ஊர்களில் நடப்பது வேறு. "பழம் கூடாது" என்ற ஒரு வரி மட்டும் காதில் விழுகிறது. மற்றதெல்லாம் விழவில்லை. பழத்தை விட்டுவிட்டு நாலு இட்லியும், கடையில் ஐந்து டீயும் தொடர்கிறது. கொய்யாப்பழத்தைப் பார்த்துப் பயப்படுகிற அக்கா டீயைப் பார்த்துப் பயப்படுவதில்லை!

தட்டில் வரவு செலவு பார்ப்போம்

வரவு செலவு எழுதுவதில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை. அதே பழக்கத்தைத் தட்டிலும் வைத்துப் பார்ப்போம். எல்லாம் தோராயக் கணக்குதான், பைசா சுத்தமாக வராது.

நடுத்தர இட்லி ஒன்றில் ஏறக்குறைய 10 கிராம் மாவுச்சத்து. நாலு இட்லி என்றால் 40. ஒரு டம்ளர் டீயில் கடைக்காரர் போடுவது இரண்டு கரண்டி சீனி என்று வைத்துக்கொண்டால் அது 10 கிராம். நாளுக்கு ஐந்து டீ குடித்தால் 50 கிராம். பெரிய வாழைப்பழம் ஒன்றில் 20 முதல் 25 கிராம். ஆக, ஐந்து டீ குடிப்பதும் இரண்டு பெரிய வாழைப்பழம் சாப்பிடுவதும் சர்க்கரைக் கணக்கில் ஒன்றுதான். ஆனால் வாழைப்பழத்தில் நார்ச்சத்தாவது இருக்கிறது, டீயில் என்ன இருக்கிறது?

இப்போது முதலில் சொன்ன இரண்டு அக்காக்களுக்கும் வருவோம். பழமே தொடாதவருக்கு ஏன் இறங்கவில்லை என்பது புரிந்திருக்கும். வெறும் பழம் மட்டும் தின்பவருக்கு? அவர் காலையில் சாப்பிடுவது இரண்டு வாழைப்பழம், ஒரு துண்டு பப்பாளி, நாலு பேரீச்சம்பழம். இட்லியை விட்டுவிட்டார், சரி. ஆனால் இட்லியில் இருந்த அளவு மாவுச்சத்துக்குக் குறையாமல், அதைவிடக் கூடுதலாகவே பழத்தில் ஏற்றிவிட்டார். அதோடு புரதம் என்று எதுவுமே இல்லை. பத்து மணிக்குப் பசி வந்துவிடும். அப்போது ஒரு வடை, ஒரு டீ.

நம் கடற்கரையில் இன்னொரு வழக்கமும் உண்டு. புட்டுக்குப் பழத்தைப் பிசைந்து, மேலே சீனி தூவிச் சாப்பிடுவது. இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும் பழமும். ருசிக்குக் குறைவில்லை. ஆனால் புட்டும் மாவு, சீனியும் சர்க்கரை, பழமும் சர்க்கரை. மூன்றும் ஒரே தட்டில் வந்து உட்கார்ந்தால் மாத்திரை என்ன செய்யும், பாவம்?

இதற்கு ஒரே ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பழம் இட்லிக்குப் பதிலாக வரலாம், இட்லிக்கு மேலே வரக்கூடாது. நாலு இட்லி சாப்பிடுகிறவர் இரண்டைக் குறைத்துவிட்டு, ஒரு சின்னப் பழம் சேர்க்கலாம். நாலையும் வைத்துக்கொண்டு பழமும் சேர்த்தால் அது கடனுக்கு மேல் கடன்.

காலையில் மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

"ராத்திரி ஒண்ணுமே சாப்பிடல, காலைல எழுந்து பாத்தா 160 காட்டுது" என்று கேட்பவர்கள் உண்டு. இது உங்கள் தப்பு இல்லை. விடியற்காலையில் நம்மை எழுப்பிவிட உடம்பே சில சுரப்பு நீர்களைச் சுரக்கிறது. அவை கல்லீரலிடம் "சேமிப்பில் இருக்கிற சர்க்கரையை எடுத்து விடு" என்று சொல்கின்றன. கல்லீரல் நம் சேமிப்புப் பெட்டி மாதிரி. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு இன்சுலின் இதைச் சமாளித்துவிடும். நோய் உள்ளவர்களுக்கு முடிவதில்லை. அதனால் பலருக்கு நாளிலேயே கூடுதலாக ஏறுவது காலைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். மத்தியானம் தாங்குகிற அதே பழம் காலையில் தாங்காமல் போகலாம்.

அப்படியானால் பழத்தைப் பதினொரு மணிக்கு, அல்லது சாயங்காலம் மாற்றிக்கொண்டால் என்ன? தாராளமாக மாற்றலாம். காலையில்தான் பழம் சாப்பிட வேண்டும், வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும், அப்போதுதான் சத்து சேரும் என்று சொல்வதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றில் தனியாகப் பழம் என்பது நல்ல யோசனையும் அல்ல.

எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து மருத்துவர்கள் 2015-இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு வரிசையில் கொடுத்தார்கள். ஒரு நாள் ரொட்டியும் பழச்சாறும் முதலில், கோழிக்கறியும் காய்கறியும் பிறகு. இன்னொரு நாள் கறியும் காயும் முதலில், ரொட்டி பிறகு. தட்டு அதேதான், அளவு அதேதான். ஆனால் கறியும் காயும் முதலில் சாப்பிட்ட அன்று சர்க்கரை நன்றாகக் குறைவாக ஏறியது. பதினொரு பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் இதற்குச் செலவே கிடையாது, செய்து பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

நம்மிடம் கோழிக்கறி வேண்டாம். மீன் இருக்கிறதே! முந்தின நாள் வைத்த மீன்குழம்பு காலையில் இட்லிக்கு எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாளை, நெத்திலி, காரல் எல்லாம் விலை குறைந்த மீன்கள், புரதம் நிறைந்தவை. இரண்டு துண்டு மீனை முதலில் சாப்பிட்டு, பிறகு இரண்டு இட்லி, கடைசியில் பாதிக் கொய்யா. இந்தக் காலைச் சாப்பாட்டுக்கு 100 பாதாம் தோற்றுப் போகும் என்பது எங்கள் அபிப்பிராயம். மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் விலை ஏறிவிடும். அப்போது முட்டை, பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், அவித்த நிலக்கடலை.

எந்தப் பழம், எவ்வளவு?

பழம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் கொய்யா வேறு, சப்போட்டா வேறு. அதிகம் பழுக்காத கொய்யா, நாவல், பப்பாளி ஒரு சின்னக் கிண்ணம், ஆரஞ்சு ஒன்று, ஆப்பிள் பாதி இவை பரவாயில்லை. சப்போட்டா, பலாச்சுளை, திராட்சை, மாம்பழம் இவற்றில் சர்க்கரை கூடுதல். மாம்பழம் ஒரு கீற்று என்றால் சரி, ஒரு முழுப்பழம் என்றால் காலைச் சாப்பாட்டின் கணக்கு அதோடு முடிந்தது.

வாழைப்பழத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் தாமிரபரணித் தண்ணீரில் விளைந்து வருகிற வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். வாழைப்பழமே கூடாது என்றால் மனசு கேட்காது. கூடாது என்று நாங்களும் சொல்லவில்லை. சின்னக் கதலிப்பழம் ஒன்று வேறு, ஒரு முழு ஏத்தன் பழம் வேறு. கறுத்துக் கனிந்த பழத்தைவிடக் கொஞ்சம் காய்ப்பதமான பழம் மெதுவாக ஏறும், ஏனென்றால் கனியக் கனிய மாவு சர்க்கரையாக மாறிவிடுகிறது.

தர்பூசணி ரத்தத்தில் வேகமாக ஏறும் என்று பட்டியலில் போட்டிருப்பார்கள். கனடாவில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1981-இல் இப்படி உணவுகளுக்கு மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். வேகம் ஒன்றை மட்டும் பார்த்தால் தர்பூசணிக்கு மோசமான மதிப்பெண். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கீற்றில் இருக்கிற சர்க்கரை குறைவு. ஒரு கீற்று சாப்பிடலாம், பாதிப் பழத்தைச் சாப்பிட்டால்தான் தொந்தரவு. நுங்கும் அப்படித்தான், இளசாக இருந்தால் இரண்டு கண் சாப்பிடலாம்.

ஆனால் அதே பனையில் இருந்து வருகிற பதநீரும் கருப்பட்டியும் அப்படி இல்லை. இதைச் சொன்னால் உடன்குடிப் பக்கத்துச் சகோதரிகளுக்குக் கோபம் வரும். வந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். "கருப்பட்டி காப்பிக்குச் சுகர் ஏறாது" என்பது நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிற நம்பிக்கை. கருப்பட்டியில் சில தாதுச்சத்துகள் இருக்கலாம். ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான், வெள்ளைச் சீனியில் இருக்கிற அதே சர்க்கரை. அந்தக் காலத்தில் காலையில் பதநீர் குடித்தவர்கள் அன்றைக்கு முழுவதும் பனை ஏறி இறங்கினார்கள். கட்டுமரத்தில் துடுப்புப் போட்டார்கள், முத்துக்குளிக்கவும் சங்கு குளிக்கவும் கடலுக்கு அடியில் மூச்சடக்கிப் போனார்கள். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. நாம் பதநீரை மட்டும் வைத்துக்கொண்டு ஏறுவதையும் இறங்குவதையும் விட்டுவிட்டோம்.

காயல்பட்டினத்துச் சகோதரிகள் நோன்பு திறக்கும் பேரீச்சம்பழத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். காய்ந்த பழம் என்றால் தண்ணீர் போய்ச் சர்க்கரை மட்டும் சுருங்கி நிற்கிறது என்று அர்த்தம். ஒன்று போதும், கூடிப் போனால் இரண்டு. அதைவிட முக்கியம், மாத்திரை அல்லது ஊசி போடுகிறவர்கள் நோன்பு மாதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் போய் மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்வது.

ஜூஸ் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிக் கொடுப்பது ஜூஸ். நோயாளிக்கு நல்லது என்று நினைக்கிறோம். ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸுக்கு மூன்று நான்கு பழம் போகிறது, நார் போய்விடுகிறது, கடையில் மேலே சீனியும் விழுகிறது. அமெரிக்காவில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், முழுப்பழம், குறிப்பாகத் திராட்சை, ஆப்பிள் போன்றவை சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது குறைவாகவும், பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது. பழம் அதேதான். பல்லால் கடித்துத் தின்றால் ஒரு விதம், மிக்சியில் அடித்துக் குடித்தால் ஒரு விதம்.

பழத்துக்குப் பயந்து முழுவதும் விட்டவர்களுக்கு இன்னொரு செய்தி. டென்மார்க்கில் புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட 63 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நாளுக்குக் குறைந்தது இரண்டு பழம். இன்னொரு பிரிவுக்கு இரண்டுக்கு மேல் கூடாது. பன்னிரண்டு வாரம் கழித்து மூன்று மாதச் சராசரி பார்த்தார்கள். இரண்டு பிரிவுக்கும் குறைந்திருந்தது, வித்தியாசம் இல்லை. பழத்தைக் கட்டுப்படுத்தியதால் தனி லாபம் ஒன்றும் வரவில்லை. சீனாவில் சுமார் ஐந்து லட்சம் பேரைக் கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே நோய் உள்ளவர்களிலும் அடிக்கடி பழம் சாப்பிட்டவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற பாதிப்புகளும் மரணமும் குறைவாக இருந்தன. பழம் வாங்க வசதி உள்ளவர்கள் மற்றபடியும் நன்றாக இருந்திருக்கலாம், அதனால் எல்லாப் பெருமையையும் பழத்துக்கே கொடுக்க முடியாது. ஆனால் பழம் எதிரி இல்லை என்பது மட்டும் தெளிவு.

அதேபோல் மருந்தும் இல்லை. நாவல்கொட்டைப் பொடி சாப்பிடுகிறோம் என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். தயவுசெய்து இன்றைக்கே மறுபடி தொடங்குங்கள்.

உப்பளத்திலும் ஏலக்கூடத்திலும் காலை எத்தனை மணிக்கு?

புத்தகத்தில் எழுதுகிறவர்களுக்குக் காலை உணவு எட்டு மணிக்கு. முள்ளக்காட்டிலும் ஆறுமுகநேரியிலும் உப்பளத்துக்குப் போகிற சகோதரிக்கு? வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும் என்று இருட்டோடு கிளம்புகிறார். ஏலத்துக்குப் போய் மீன் எடுத்துக் கூடையோடு தெருத்தெருவாகப் போகிறவரும் அப்படித்தான். ஒரு டீ, ஒரு பன். அதோடு மாத்திரையையும் போட்டுவிடுகிறார்கள். சாப்பாடு பத்து மணிக்கோ பதினொன்றுக்கோ.

இங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

சர்க்கரை மாத்திரை எல்லாம் ஒன்று இல்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வேளை தாமதமானால் பெரும்பாலும் சர்க்கரை ரொம்ப இறங்காது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் அப்படி இல்லை. அவற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாலோ, திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தாலோ, சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், படபடக்கும், கண் இருட்டும். உப்பளத்து வெயிலில் வேர்வை எது, சர்க்கரை இறங்கிய வேர்வை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "வெயில்ல மயங்கிட்டா" என்று தண்ணீர் தெளித்து நிழலில் படுக்க வைத்துவிடுவார்கள்.

அப்போது மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பிட வைக்க வேண்டும். நினைவே இல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, உடனே 108. இந்த நேரத்தில் கொய்யாப்பழம் உதவாது, அது மெதுவாக ஏறுகிற பழம். முடிச்சில் ஒரு சின்னப் பொட்டலம் சீனி இருக்கட்டும். சர்க்கரை நோயாளி சீனி வைத்திருக்கிறாரே என்று யாராவது கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

எனவே, இன்று கேட்டதை வைத்து நாளைக் காலையிலேயே இட்லியை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். "நான் விடியுமுன் வேலைக்குப் போகிறேன், பத்து மணிக்குத்தான் சாப்பிடுகிறேன், இனி இட்லியைக் குறைக்கப் போகிறேன், மாத்திரையை எப்போது போடட்டும்?" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதில் இருந்து வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிற தன்னார்வலர்களில் பலர் நம் குழுச் சகோதரிகள்தான். அவர்களிடமும் சொல்லி வைக்கலாம். டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாவுச்சத்தை ரொம்பக் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் சேர்கிற ஆபத்து உண்டு. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வாழைப்பழமும் இளநீரும் வேறு காரணத்துக்காக ஆகாது, அவர்களுக்கும் தனி ஆலோசனை தேவை. கர்ப்பிணிகள் செல்போனைப் பார்த்து எந்த உணவுமுறையும் பிடிக்கவே வேண்டாம்.

சரி, இருட்டோடு கிளம்புகிறவர் என்ன சாப்பிடுவது? இரவே இரண்டு முட்டையை அவித்து வைக்கலாம். ஒரு கைப்பிடி அவித்த கடலை. சீனி இல்லாத டீ, முடியாவிட்டால் முதலில் பாதிச் சீனி. பன்னை விட்டுவிடலாம், மைதாவும் சீனியும் தவிர அதில் ஒன்றும் இல்லை. பத்து மணிச் சாப்பாட்டோடு ஒரு சின்னப் பழம். இதற்கு மேல் சிக்கலாகச் சொன்னால் யாரும் செய்ய மாட்டோம்.

உங்கள் உடம்பைக் கேட்டுப் பாருங்கள்

இத்தனை சொன்ன பிறகும், ஒருவருக்கு ஒத்துக்கொள்கிற பழம் இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது. அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரு குழு சேர்ந்து குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கலாம். ஸ்ட்ரிப்தான் விலை, அதனால் தினமும் குத்த வேண்டாம். ஒரு நாள் வழக்கமான காலைச் சாப்பாடு. முதல் வாய் வைத்ததில் இருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இன்னொரு நாள் இரண்டு இட்லியைக் குறைத்து, மீனோ முட்டையோ சேர்த்து, கடைசியில் பழம். மறுபடி இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மூன்றாம் நாள் பழம் இல்லாமல். மூன்று ஸ்ட்ரிப்பில் உங்கள் பதில் ஓரளவு தெரிந்துவிடும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 180-க்குள் இருந்தால் பொதுவாக நல்லது என்கிறார்கள்.

மீட்டர் குழுவுக்குப் பொதுவாக இருக்கலாம், ஒவ்வொருவருக்குப் பிறகும் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். குத்துகிற ஊசியும் அந்தப் பேனாவும் ஒருபோதும் பொதுவாக இருக்கக் கூடாது. ஆளுக்கு ஒன்று. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள், ரத்தத்தில் பரவுகிற நோய்கள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்விடும்.

கடைசியாக ஒரு விஷயம். பழம் வாங்குகிற வீடுகளிலும் அது யாருக்குப் போகிறது என்று பார்த்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு, வீட்டுக்காரருக்கு, பிறகு மாமியாருக்கு. நமக்கு மிஞ்சுவது யாரும் தின்னாமல் கறுத்துப் போன இரண்டு வாழைப்பழம். "வீணாப் போகுதேன்னு நான் தின்னுட்டேன்" என்று சொல்கிறோம். சர்க்கரை உள்ள உடம்புக்கு மிகவும் ஆகாத பழம் அதுதான்! மிஞ்சிய இட்லி, மிஞ்சிய சோறு, மிஞ்சிய பழம் எல்லாவற்றுக்கும் நம் வயிறு குப்பைக்கூடை இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல், உப்புத் தண்ணீரில் வெறும் காலோடு நிற்கிற சகோதரிக்குக் காலில் ஒரு சின்ன வெடிப்பு எப்படி ஆறாத புண்ணாகிறது, எப்படி விரலை எடுக்கிற வரைக்கும் போகிறது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. பாதி கொய்யாப்பழம் உங்களுக்கு என்று முதலிலேயே எடுத்து வையுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது சந்தாவோடு உங்கள் மாத்திரைச் சீட்டையும் கொண்டு வாருங்கள். ஒரு வாரம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று சேமிப்பு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வாருங்கள். டீயையும் எழுத வேண்டும், எத்தனை டீ என்று உண்மையாக எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் எழுதிக் கொடுக்கட்டும். உப்பள வேலைக்குப் போகிற குழுக்கள் காலில் புண் இருந்தால் மறைக்காமல் அன்றே காட்டுங்கள்.